எல்லையில் அப்பா, முற்றத்தில் அம்மா

1

போன வாரக் காற்றில் எங்கள் வேலி விழுந்துவிட்டது. வேலி என்றதும் ஊரில் இருக்கிற நீங்கள் முள்வேலியையோ மண் கய்யாலையையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். பலகைகளைத் தட்டிபோல ஆணியடித்து, கம்பங்களுக்கு நடுவே செருகி வைத்திருப்பார்கள். இங்கிலாந்தின் வடக்கே நாங்கள் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் எல்லா வீட்டுக்கும் பின்னால் அதுதான். காலையில் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்து பார்க்கிறேன், தட்டிகள் எங்கள் புல்லில் குப்புறக் கிடக்கின்றன. பக்கத்து வீட்டு மார்கரெட்டின் துணிக்கொடி, பூந்தொட்டி, சோம்பேறிப் பூனை எல்லாம் எங்கள் வீட்டுச் சாமான்கள்போலப் பக்கத்தில் நிற்கின்றன.

மார்கரெட்டுக்கு வயது எண்பதைத் தாண்டியிருக்கும். கம்பளிச் சட்டையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். "இந்த வேலி உங்களுடையதா, என்னுடையதா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

என் கணவர் வின்சென்ட் வீட்டுப் பத்திரத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். வேலி எங்களுடையது, விழுந்தால் நிறுத்த வேண்டியதும் நாங்கள்தான். அதோடு முடிந்தது விஷயம். யாரும் யாருடைய அப்பனையும் இழுக்கவில்லை. தட்டிக்கு நல்ல பக்கம், கெட்ட பக்கம் என்று இரண்டு உண்டு என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். வழவழப்பான பக்கத்தை அடுத்த வீட்டுக்காரருக்குக் காட்டிவிட்டு, கட்டையும் ஆணியும் தெரிகிற பக்கத்தை நம் பக்கம் வைத்துக்கொள்வதுதான் இங்கே மரியாதையாம். அப்பா கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். "அவனுக்கு எதுக்குலே நல்ல பக்கம்?" என்று கேட்டிருப்பார்.

அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகிற நேரத்தில் வேலி விழுந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

2

எங்கள் வீடு கேரள எல்லையோரம் குன்னத்துகாலில், ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. வாசலில் நின்று தும்மினால் தமிழ்நாட்டுக்காரன் ஆசீர்வதிப்பான் என்று அப்பா சொல்வார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சண்டையில் இரண்டும். அப்பா பெயர் ஜெபமணி. உதியன்குளங்கரை ஜங்ஷன் பக்கம் மாவு மில் வைத்திருந்தார். உடம்பெல்லாம் மாவோடு வந்து, குளிப்பதற்கு முன்னால் விளையைச் சுற்றி ஒரு நடை நடப்பார். விளை என்றால் எங்கள் பக்கத்தில் வீட்டைச் சுற்றியுள்ள தோட்டம். அந்த நடை வடக்குக் கய்யாலையில் வந்துதான் நிற்கும்.

கய்யாலை என்பது மண்ணைக் குழைத்து அப்பி எழுப்பிய வரப்புச்சுவர். மழைக்குக் கரையும். மழை விட்டதும் இரண்டு பக்கத்துக்காரர்களும் மண்வெட்டி எடுத்து அவரவர் பக்கத்தைச் சீவி, சீவிய மண்ணை மேலே அப்ப வேண்டும். அதில்தான் எல்லா வித்தையும் இருக்கிறது. சீவுகிறவன் கை கொஞ்சம் உள்ளே போனால் கய்யாலை அடுத்தவன் பக்கம் ஒதுங்கும். அடுத்த மழைக்கு அவன் இந்தப் பக்கம் ஒதுக்குவான். கய்யாலைக்கு அந்தப் பக்கம் சுகுமாரன் மாமன். கொத்தனார். அவர் மனைவி தங்கம் மாமி. அவர்கள் வீட்டு ஓணப் பாயசமும் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் முறுக்கும் கய்யாலைக்கு மேலேதான் கைமாறும். அதே கய்யாலைக்கு மேலேதான் சண்டையும் நடக்கும்.

"எலே சுகுமாரா, கை எங்க போவுது? மண்வெட்டிக்குத்தான் கண்ணில்ல, உனக்கு உண்டுல்லா?"

"அண்ணே, மண்ணு கரைஞ்சு எனக்க பக்கமாக்கும் விழுந்தது. எனக்க மண்ணைத்தான் நான் எடுத்தேன்."

கய்யாலை மேல் ஓர் அயினி மரம் நின்றவரை இது வருஷாவருஷம் வருகிற சளிக்காய்ச்சல்போல வந்து போனது. மரத்துக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு, அந்தப் பக்கம் அவர்களுக்கு. ஒரு ஆடிக்காற்றில் அயினி வேரோடு சாய்ந்தது. முதலில் சாய்ந்த தடிமரம் யாருக்கு என்று பேச்சு வந்தது. பிறகு எல்லை எங்கே என்று வந்தது. சர்வே கல்லைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. நீ பிடுங்கினாய், நீ புதைத்தாய் என்று ஆளுக்கொரு வாய். அப்பா கோர்ட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு பாயசமும் இல்லை, முறுக்கும் இல்லை. அம்மாவும் தங்கம் மாமியும் மட்டும் ரோட்டுக் குழாயடியில் நின்று ரகசியமாகப் பேசிக்கொள்வார்கள். ஆண்கள் வருகிற சத்தம் கேட்டால் குடத்தை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போவார்கள்.

3

ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் இறந்தவர்களைச் சொந்த விளையிலேயே அடக்கம் செய்கிற வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. கிறிஸ்தவச் சபைக்குடும்பங்களும் அப்படி, இந்துக் குடும்பங்களும் அப்படி. வாழைக்கும் கிணற்றுக்கும் நடுவே கல்லறை இருப்பது எங்களுக்கு ஆச்சரியமில்லை. கல்லறைமேல் உட்கார்ந்து படித்துத்தான் நர்ஸிங் பாஸானேன் என்று சொல்கிற தோழி எனக்கு உண்டு.

வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்துக்கொண்டே போனது. அப்பாவுக்கு நெஞ்சுவலி வர ஆரம்பித்தது. ஒருநாள் சாப்பாட்டுக்கு முன்னால் சொன்னார்: "நான் செத்தா என்னைய அந்த அயினி நின்ன குழிக்கிட்டயாக்கும் வைக்கணும். கல்லறைக்க மேல எவனும் கய்யாலை வைக்க மாட்டான்."

"செத்தும் காவல் கெடக்கணுமா மனுஷனுக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"பின்ன? கோர்ட்டுல தீர்ப்பு வாறதுக்குள்ள நான் போயிருவேன். நான் கெடந்தா அதுவே தீர்ப்பு."

அப்படியே ஆயிற்று. நான் இங்கிலாந்திலிருந்து போய்ச் சேர்ந்தபோது குழி வெட்டியிருந்தார்கள், அயினி நின்ற இடத்தில், கய்யாலையை ஒட்டி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது கய்யாலைக்கு அந்தப் பக்கம் சுகுமாரன் மாமனும் அவர் மகன் அஜியும் நின்றார்கள். இது எங்க எடம், போலீஸைக் கூப்பிடுவேன் என்று அஜி மலையாளத்தில் கத்த ஆரம்பித்தான். மாமன் அவன் வாயைக் கையால் பொத்தினார்.

"எலே, பிரேதத்துக்க முன்ன வழக்கு பேசாத" என்றார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஜெபம் முடியும்வரை தலையைக் குனிந்து நின்றார்.

அப்பாவோடு வழக்கும் போயிற்று. அம்மா அதை நடத்தவில்லை.

4

சில வருஷங்கள் கழித்து ஊரில் மறுசர்வே வந்தது. கல்லும் சங்கிலியும் இல்லாமல், முக்காலியில் மெஷினை நிறுத்தி அளக்கிற புது அளவு. அம்மா போனில் கூப்பிட்டாள். நான் பஸ்ஸில் இருந்தேன்.

"மக்கா, சர்வேக்காரங்க வந்துட்டுப் போனாவ. உங்க அப்பா சுகுமாரனுக்க வெளையிலயாக்கும் கெடக்காரு."

எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டேன். கல்லறைக்கு இந்தப் பக்கம்தான் எல்லை என்று மெஷின் சொல்லிவிட்டதாம். முழுக் கல்லறையும் அந்தப் பக்கம். வாழ்நாள் முழுக்கச் சீவிச்சீவிச் சண்டை போட்ட மனுஷன், கடைசியில் யாரை உள்ளே விடக்கூடாது என்று போய்ப் படுத்தாரோ அவர் மண்ணிலேயே படுத்திருக்கிறார். நான் பஸ்ஸில் இருந்தபடி அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் கைக்குட்டை நீட்டினாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். இதை எந்த ஆங்கிலத்தில் சொல்வது? "ஃபேமிலி" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் என் மகள் ஜோனாவிடம் சொன்னேன். அவள் இங்கே பிறந்தவள். தமிழ் புரியும், பேச்சு பாதி வழியில் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். "அப்போ தாத்தா டிரெஸ்பாஸ் பண்றாரா?" என்றாள். சிரித்தும்விட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து "ஸாரிம்மா" என்றாள். அவள்மேல் கோபம் வரவில்லை. தாத்தா அவளுக்கு ஒரு போட்டோ, அவ்வளவுதான்.

அளவை ஆட்சேபித்து இணையத்தில் மனுப் போடலாம் என்றார்கள். போட உட்கார்ந்தால், ரகசிய எண் அனுப்புகிறோம் என்று அது அப்பாவின் பழைய போனுக்கு எண் அனுப்புகிறது. அந்தப் போன் அப்பாவுக்கு முன்பே செத்துவிட்டது. ஆபீசுக்குப் போன் போட்டேன். இத்தனை வருஷத்தில் என் மலையாளம் துருப்பிடித்துவிட்டது, வரிக்கு இரண்டு "தேங்க்ஸ்" வேறு. "மேடம் விதேசத்தாணோ?" என்று கேட்டார் அந்தப் பக்கத்துக்காரர். ஆமாம், வெளிநாட்டில்தான் என்றேன். உடமஸ்தன், அதாவது சொந்தக்காரர், நேரில் வந்து எல்லையைக் காட்ட வேண்டும் என்றார். உடமஸ்தன் எல்லையில்தான் சார் கிடக்கிறார் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. தேங்க்ஸ் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

5

லீவு போட்டுப் போனேன். அஜி வளைகுடாவில் சம்பாதித்து வந்து, மண் கய்யாலையை இடித்துவிட்டுக் கல்மதில் கட்டப்போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. அம்மாவுக்கு ஒரே பயம். அப்பாவைத் தோண்டி எடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அதற்குள்ளே இன்னொரு பயமும் இருந்தது. அதை என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் அவருக்கூடத்தானே கெடக்கணும் மக்கா. எனக்கு வேற எடம் ஏது?"

இரண்டு பேருமாக சுகுமாரன் மாமன் வீட்டுப் படி ஏறினோம். வழக்குக்குப் பிறகு அம்மா அந்தப் படியில் கால் வைத்தது அன்றைக்குத்தான். மாமனுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்தார்.

"ஆரு, ரோஸ்லெட்டா? கேறி வா. எடீ தங்கம், சாயா போடு."

அம்மா உட்காரவில்லை. சேலை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். "சுகுமாரா, அவரு செஞ்சது தெற்றாக்கும். நீ அவரை எடுக்கச் சொல்லிராத" என்றாள்.

"நான் ஆருக்க அஸ்தியையும் தோண்டுகவன் இல்ல" என்றார் மாமன். "அண்ணன் அஞ்சயே, படுத்த எடத்துலயே கெடக்கட்டு. மதில் வளைஞ்சு போவும்."

உள்ளேயிருந்து அஜி வந்தான். மதில் நேராகப் போனால்தான் அழகு என்றான். மாமன் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

அம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். கேட்க வந்தது இன்னும் பாக்கி இருந்தது. நான் கேட்டேன். "மாமா, அம்மைக்கும் பக்கத்துல..."

"அதுக்குத்தானே மோளே, ரெண்டுபேருக்குள்ள எடம் விட்டாக்கும் நான் வளைக்கப்போறது."

மதிலைக் கட்ட வடக்கத்தி ஆட்கள் வந்தார்கள். வளைவை மட்டும் அவர்களை விடாமல், புரை விழுந்த கண்ணோடு, தடவித்தடவி மாமனே கட்டினார். எங்கள் பக்கம் திறந்திருக்கும்படி, மதில் அங்கே அவர் மண்ணுக்குள் உள்வாங்கிப் போயிற்று. உள்ளே அப்பாவின் கல்லறை. பக்கத்தில் ஒரு ஆள் இடம் காலி. அம்மா தினமும் அந்தக் காலி இடத்தைப் பெருக்குவாள். தன் படுக்கையைத் தட்டிப் போடுகிறதுபோலப் பெருக்குவாள்.

நான் திரும்புவதற்கு முன்னால் வின்சென்ட் வீடியோவில் வந்தார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். "அத்தை, இனி இந்தக் காட்டுக்குள்ள ஒத்தையில எதுக்கு? வித்துப்போட்டு மார்த்தாண்டத்துல ஒரு ஃப்ளாட் எடுப்போம். லிஃப்ட் உண்டு, பக்கத்துல ஆஸ்பத்திரி உண்டு." நானும் ஆமாம் போட்டேன். அம்மா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். "சாயா குடிக்கியா மக்கா?" என்று கேட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை. அவள் ஒத்துக்கொண்டாள் என்றே நினைத்தேன்.

6

வேலி இல்லாத இந்த நாட்களில் மார்கரெட் அடிக்கடி எங்கள் பக்கம் வந்துவிடுகிறாள். பூனையைத் தேடி வருகிறாள், அது ஒரு சாக்கு. நேற்று டீ குடிக்கும்போது தன் புருஷனுடைய கல்லறையைப் பற்றிச் சொன்னாள். இங்கே பல இடங்களில் கல்லறை இடமும் குத்தகைதான். வருஷக்கணக்கு முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். பிள்ளைகள் இல்லை, எனக்குப் பிறகு யார் புதுப்பிப்பார்கள் என்றாள். பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தேன். எங்களுக்குக் குழி வெட்டிக்கொள்ளச் சொந்த மண் இருக்கிறது என்று மனசுக்குள் ஒரு சின்னக் கர்வம் வந்ததையும் மறைக்கப்போவதில்லை.

அம்மா போன வருஷம் மழைக்காலத்தில் போனாள். நான் போய்ச் சேரும்வரை வைத்திருந்தார்கள். காரிலிருந்து இறங்கினால் முற்றத்தில் குழி. வாசல் படலைக்கும் வீட்டுப் படிக்கும் நட்டநடுவில். மிளகும் கொப்பரையும் காயப்போடுகிற இடம். சுற்றிப் போனால்தான் வீட்டுக்குள் நுழைய முடியும்.

நான் அங்கேயே நின்று கத்தினேன். அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கும்போது யார் இங்கே வெட்டச் சொன்னது என்று கேட்டேன். சபை உபதேசியார் கையைப் பிசைந்தார். "அம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவ மக்கா. மக ஷீபா வந்து என்ன சொன்னாலும் கேக்கப்பிடாது, முத்தத்துலதான் வைக்கணும்னு சொல்லிட்டாவ" என்றார். காரணம் கேட்டேன். சொல்லவில்லை என்றார். தங்கம் மாமி பக்கம் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அடுத்தவன் மண்ணில் கிடக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. எவ்வளவு மானஸ்தி என்று நினைத்தேன். திரும்பி வந்து இங்கே எங்கள் ஜெபக்கூட்டத்தில்கூட அதைப் பெருமையாகச் சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

7

வீடு பூட்டிக் கிடக்கிறது. உத்தரத்தில் சிதல் ஏறி அரித்துவிட்டதாகத் தங்கம் மாமி சொன்னார். ஜோனா அங்கே போய் இருக்கப்போவதில்லை. போன தடவை கிறிஸ்துமஸுக்குப் போவோமா என்று கேட்டதற்கு, அந்த வீட்டில் வைஃபை உண்டா என்றுதான் முதலில் கேட்டாள். விற்றுவிடலாம் என்று வின்சென்ட் சொன்னபோது நானும் சரி என்றேன். பாறசாலையில் ஒரு புரோக்கரிடம் சொல்லி வைத்தோம். நேற்று அவன் ஆளைக் கூட்டிக்கொண்டு இடம் பார்க்கப் போனான்.

இன்று காலை தங்கம் மாமி கூப்பிட்டார். வின்சென்ட் பின்னால் புது வேலித் தட்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார். மார்கரெட் நின்று மேற்பார்வை. நல்ல பக்கம் அவளுக்கு.

"புரோக்கர் வந்தான் மோளே. படலை திறந்தான், கல்லறையைப் பாத்தான், கூட வந்தவனுக்க மூஞ்சியைப் பாத்தான். வீட்டுக்குள்ளயே கேறல்ல, அப்படியே போயிட்டான்." பிறகு சொன்னார்: "உனக்க அம்மை நெனச்சதைச் சாதிச்சுட்டா."

"என்ன மாமி சொல்லியீங்க?"

"ஒரு வருஷமா நெஞ்சுல வச்சிருக்கேன். இனி சொல்லுகதுக்கு என்ன. கடைசியில படுத்துக் கெடக்கும்பம் நான் கேட்டேன், ரோஸ்லெட்டே, அஞ்ச அண்ணனுக்கப் பக்கத்துல எடம் போட்டு வச்சிருக்குல்லா, பின்ன எதுக்கு முத்தத்துல வைக்கச் சொல்லியேன்னு. அவ சொன்னா, எனக்கும் அஞ்ச கெடக்கத்தான் ஆசை தங்கம். ஆனா நான் அஞ்ச போனா இஞ்ச வீட்டுல ஆரும் இல்ல. ஷீபா வித்துருவா. நடு முத்தத்துல நான் கெடந்தா எவன் வாங்குவான்? விக்காம கெடந்தா, எப்பயெங்கிலும் ஒருநாளு வருவால்லான்னு சொன்னா."

அடுத்த வீட்டுக்காரனை நம்பாமல் அப்பா எல்லையில் போய்க் கிடந்தார். அம்மா, பெற்ற மகளை நம்பாமல், ஆசைப்பட்ட இடத்தை விட்டு முற்றத்தில் ஒற்றையாகக் கிடக்கிறாள். அவள் நினைத்தது சரியாகவும் போயிற்று. ஒரு வருஷம்கூட நான் பொறுக்கவில்லை. அம்மா என்னை இவ்வளவு தெரிந்து வைத்திருந்தாளே என்று நினைத்து அழுதேன்.

"மோளே, அழாத. மாமன்கிட்ட கொடுக்கேன்" என்று மாமி போனைக் கைமாற்றினார்.

சுகுமாரன் மாமன் எடுத்தவுடன் இருமினார். அவருக்கு இப்போது கண் சுத்தமாகத் தெரியவில்லை. அம்மாவின் கல்லறைமேல் விழுகிற சருகைத் தங்கம் பெருக்கிவிடுகிறாள் என்றார். அப்பாவுடையதை அவரே தடவித்தடவிச் சுத்தம் செய்கிறாராம். பிறகு தயங்கினார்.

"ஒரு காரியம் கேக்கணும். அண்ணனுக்கப் பக்கத்துல அந்த எடம் சும்மாயாக்கும் கெடக்குது. ரெண்டு வாழை வச்சா கொள்ளாம்னு அஜி சொல்லியான். வைக்கட்டா?"

"அது உங்க எடம்தானே மாமா. எங்கிட்ட எதுக்குக் கேக்கணும்?"

"எடம் எனக்குள்ளதுதான். உங்களுக்குன்னு விட்டதுல்லா. அதாக்கும் கேட்டேன்."

அப்பா ஆயுசு முழுக்கக் கேட்டுச் சண்டை போட்ட மண். வெளியே வின்சென்ட் கடைசி ஆணியை அடித்துக்கொண்டிருந்தார். மேலே ஜோனா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு யாரோடோ ஆங்கிலத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். மாமன் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தார்.

"வாழை வைக்க வேண்டாம் மாமா" என்றேன். "அந்த எடம் அப்படியே கெடக்கட்டு."

"சேரி மோளே" என்றார். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.